பிள்ளையார் சுழிக்குக் கீழே

என் மனைவி அழுத நாட்களில் ‘அழுகை: இல்லை’ என்று எழுதினேன். அவள் ஒரு கவளம்கூட உண்ணாத நாட்களில் ‘காலை இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால்’ என்று எழுதினேன். நாள் தவறாமல், ஏறக்குறைய நான்கு மாதம் எழுதினேன்.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. யாரும் எனக்கு ஆசை காட்டவுமில்லை. நானாகத்தான் எழுதினேன். அதை இரண்டு நல்ல மனிதர்கள் நம்பினார்கள். நம்பி, அவளுடைய மாத்திரையை நிறுத்தினார்கள். அவள் போய்விட்டாள்.

இதுதான் நான் செய்தது. இனிச் சொல்லப் போவதெல்லாம் எப்படிச் செய்தேன் என்பது மட்டுந்தான். அதைக் கேட்டு உங்கள் மனம் இளகினால்... தயவுசெய்து இளக வேண்டாம்.

நான் அதிகம் படித்தவன் அல்ல. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தவறியவன். தியாகராய நகரில் ஒரு பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிற வேலை. சீருக்கு வாங்கும் குடத்திலும் தாம்பாளத்திலும் சின்ன உளியை வைத்துத் தட்டித் தட்டிப் பெயரைப் பொறிக்க வேண்டும். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமையும் இந்தப் பாவத்தில் கூட்டாளி.

காலையில் குளித்து, நீறு பூசி, கற்பகாம்பாள் சந்நிதியில் நின்று கும்பிட்ட பிறகுதான் பஸ் ஏறுவேன். மயிலாப்பூர் மாடவீதிக்குப் பின்னால், நாலு குடித்தனம் உள்ள வீட்டில் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் எங்களுக்கு. நானும் செண்பகமும் மட்டுந்தான். குழந்தை இல்லை. அதற்காக அவள் குமைந்தவளும் அல்ல.

செண்பகம் வாயாடி. “சாமி முன்னாடி நிக்கிற நேரத்துல பாதி என் முன்னாடி நின்னீங்கன்னா, எனக்கும் ஏதாவது வரம் குடுக்கத் தோணுமில்ல?” என்பாள். அப்படிப்பட்டவள்!

எழுபதுகளின் தொடக்கம் அது. ஓர் ஆடி மாதக் காலை. நான் பூசை முடித்து வரும்போது சமையற்கட்டில் புகை. தோசைக்கல்லில் தோசை கருகிக்கொண்டிருந்தது. அவள் கையில் திருப்பியுடன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்ன செண்பகம்! கருகுது பாரு!”

“இந்தப் பக்கம் வெந்தா அந்தப் பக்கம் திருப்பிப் போடணும்... எதுக்குங்க?” என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. காரணம் என்று ஒன்றும் இல்லை. உறவுக்காரர்கள் காரணம் தேடினார்கள். கண் பட்டது என்றார்கள், காற்று பட்டது என்றார்கள். தாயத்து கட்டினோம். மந்திரித்தோம். அவள் எல்லாவற்றுக்கும் கையை நீட்டினாள், கழுத்தை நீட்டினாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து ஓசையில்லாமல் அழுதாள். அழும்போது முகம்கூட மாறாது. கண்ணிலிருந்து நீர் மட்டும் வழியும்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பிலோமினா என்கிற அம்மாள் பார்த்தார். சாந்தோம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கண்டிப்பானவர். மாத்திரை எழுதிக் கொடுத்தார். கொஞ்சம் தூக்கம் வந்தது. ஆனால் பேச்சு வரவில்லை.

அந்த டாக்டரம்மாதான் எங்களை மந்தைவெளியில் இருந்த சித்த வைத்தியர் நமச்சிவாயத்திடம் அனுப்பினார். உங்களுக்கு வியப்பாக இருக்கும். எனக்கும் இருந்தது. டாக்டரம்மாவின் தாயாருக்கு முட்டிவலி பார்க்கப் போய் இருவருக்கும் பழக்கமாம். பழகப் பழக இருவரும் ஒரு காரியத்தில் இறங்கியிருந்தார்கள். வல்லாரைச் சாறு விட்டுக் காய்ச்சிய பசுநெய், மனம் சோர்ந்தவர்களுக்குக் கைகொடுக்குமா? ஆஸ்பத்திரி மாத்திரையோடு சேர்த்து அதையும் கொடுத்துப் பார்ப்பது. பன்னிரண்டு குடும்பங்களில் ஆறு மாதம் பார்ப்பது.

வைத்தியர் எங்களிடம் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

“வல்லாரை நல்லதுன்னு எங்க தாத்தா சொன்னாரு. அவருக்கு அவங்க தாத்தா சொன்னாரு. சொன்னாங்க சொன்னாங்கன்னே எத்தனை நாள் தம்பி ஓட்டுறது? கேக்குதா, கேக்கலையா... எனக்கே தெரியணும். கேக்கலைன்னா கேக்கலைன்னு எழுதுங்க. எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.”

டாக்டரம்மா ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். தூக்கம், சாப்பாடு, பேச்சு, வீட்டு வேலை, அழுகை. இந்த ஐந்துக்கும் எதிரே நடந்ததை எழுத வேண்டும்.

“இங்க வந்தா நான் அஞ்சு நிமிஷம் பாக்கறேன். மீதி நாளெல்லாம் வீட்ல என்ன நடக்குதுன்னு நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும். இதை வெச்சுத்தான் மாத்திரையைக் கூட்டறதா குறைக்கறதான்னு முடிவு பண்ணுவேன். இதுதான் எவிடன்ஸ். புரியுதா மிஸ்டர்?”

புரிந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. நன்றாகவே புரிந்தது!

பக்கத்து பெஞ்சில் ஒரு பால்காரி இருந்தாள். கன்னியம்மா. மந்தைவெளியில் எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவள். அவள் புருஷன் கைவண்டி இழுத்துக்கொண்டிருந்தவன்; திடீரென்று வெளியே போகப் பயந்து கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டான். அவர்களும் பன்னிரண்டில் ஒரு குடும்பம்.

“எய்தப் படிக்கத் தெரியாதே டாக்டரம்மா. நான் இன்னா பண்றது?” என்றாள் அவள்.

“கோடு போடத் தெரியுமா?”

“அது போடுவேன். பால் கணக்கே கோடுதானே!”

“நல்லா இருந்தா ரெண்டு கோடு. இல்லேன்னா ஒரு கோடு. ரொம்ப மோசம்னா சும்மா விட்டுடு.”

அவள் கரித்துண்டால் போடுகிற கோட்டையும் என் முத்தெழுத்தையும் மனத்துக்குள் ஒப்பிட்டு, நான் சிரித்துக்கொண்டேன். அன்று சிரித்தேன்.

முதல் நாள். விடியற்காலையில் குளித்து, அந்தப் பச்சை நெய்யை ஒரு கரண்டி அவளுக்கு ஊட்டி, சாமி படத்தின் முன் நோட்டை வைத்து எடுத்து, பிள்ளையார் சுழி போட்டேன். சுழி போடாமல் நான் எதையும் எழுதியதில்லை. கடையில் துண்டுச் சீட்டில் மாதிரி எழுதினாலும் மேலே ஒரு சுழி இருக்கும்.

எங்கள் வீட்டு வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். சுழி போடாமல் எழுதுவது ஒரே ஒரு கடிதத்துக்குத்தான். சாவுச் செய்தி சொல்லும் கடிதத்துக்கு. சுழி இல்லாத கார்டு வந்தால் படிப்பதற்கு முன்பே என் தாயார் தலையில் கைவைத்துக்கொள்வாள்.

ஆகவே சுழி போட்டேன். அதன் கீழே ‘தூக்கம்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். கை வரவில்லை. ‘அழுகை’ என்ற இடத்தில் ‘பகல் முழுவதும்’ என்று எழுத வேண்டும். பேனா நின்றுவிட்டது. விநாயகருக்குக் கீழே அமங்கலமா? சரி, சுழி இல்லாமல் எழுதலாமென்றால்... செண்பகத்தின் பெயரைச் சுழியில்லாத தாளில் எழுதுவதா! அவள் அந்த மூலையில் உயிரோடு உட்கார்ந்திருக்கும்போதா!

‘சுமாரான தூக்கம். அழுகை: இல்லை’ என்று எழுதினேன்.

எழுதியதும் நெஞ்சு லேசாகிவிட்டது. அதுதான் என்னைப் பிடித்த தூண்டில். இறைவன் நாமத்தை நோட்டு நோட்டாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்களே, எழுத எழுத நடக்கும் என்று! அதுபோல இதுவும் ஒரு வேண்டுதல்தானே என்று நினைத்தேன். நல்லதை எழுதினால் நல்லது வரும். அம்பாள் படித்துக்கொண்டிருக்கிறாள், படித்துவிட்டு அப்படியே ஆக்கிவிடுவாள்.

அம்பாள் படிப்பதற்காக அந்த நோட்டு கொடுக்கப்படவில்லை... இது எனக்கு ஏன் உறைக்கவில்லை? பக்தியா? இல்லை, சொல்லிவிடுகிறேன். பக்தி மட்டும் இல்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமைகளில் வைத்தியர் என் நோட்டைத் திறந்து, “எழுத்துன்னா இது எழுத்து!” என்று எல்லோருக்கும் காட்டுவார். அவர் முகம் மலர்வதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த பதினைந்து நாளும் அவர் முகத்துக்காகவும் எழுதினேன்.

மூன்றாவது வாரம் ஒன்று நடந்தது. காலையில் நெய்யை ஊட்டினேன். செண்பகம் முகத்தைச் சுளித்துக்கொண்டு, “இந்த நெய்யில தோசை வார்த்தா தோசைக்கே ஞானம் வந்துடும்போல” என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள்! ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு! நான் அங்கேயே நின்று அழுதுவிட்டேன். ஓடிப்போய் நோட்டை எடுத்தேன். ‘இன்று சிரித்தாள்’ என்று எழுதினேன்.

எழுதிவிட்டு முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். நேற்றும் சிரித்திருந்தாள். அதற்கு முந்தின நாளும். எல்லா நாளும் சிரித்திருந்தாள். என் கையெழுத்தில்.

அந்த ஒரு மெய்யான சிரிப்பை அடையாளம் காட்ட என்னிடம் வேறு சொல் இல்லை. அது நெய்யால் வந்ததா, மாத்திரையால் வந்ததா, அவளாகவே வந்தாளா? கண்டுபிடிக்கத்தானே அந்த இருவரும் அத்தனை பாடுபட்டார்கள்! பொய்ச் சிரிப்புகளின் நடுவே அதுவும் ஒரு பொய்யாகக் கிடந்தது. அந்த வாரத்தில் இன்னொரு முறை சிரித்தாள். பிறகு இல்லை.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். முதல் மூன்று வாரத்தையும் அடித்துவிட்டு, ‘மன்னிக்கவும்’ என்று எழுதியிருக்கலாம். அவர்கள் திட்டியிருப்பார்கள். அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பினேன். செண்பகத்தின் மடியில் அந்த நோட்டு. அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். விரலை வைத்து, வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

“யாருங்க இவ?” என்று கேட்டாள்.

“எவ?”

“இதுல இருக்கறவ. காலையில எந்திரிச்சு வாசல் தெளிக்கிறா. ரெண்டு இட்லி சாப்பிடுறா. பக்கத்துப் போர்ஷன் அக்காகிட்ட உக்காந்து பேசுறா. நல்லவளாத் தெரியுது. எனக்கே பொறாமையா இருக்கு.”

“நீ அப்படி ஆயிடணும்னுதான் செண்பகம்... அம்பாள் கண்டிப்பா...”

“ஆகலைன்னா?”

நான் கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன்.

“நான் ஆகலைன்னா என்ன பண்ணுவீங்க? அவளோடவே இருந்துடுவீங்களா?”

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கவலையோடு கேட்டாள். என் சௌகரியத்துக்கு எது நல்லது என்று விசாரிப்பதுபோலக் கேட்டாள். பிறகு நோட்டை மூடி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் வைத்தியர் வீட்டுக்குப் போனபோது டாக்டரம்மாவும் வந்திருந்தார். கன்னியம்மாவின் கோட்டு நோட்டும் என் நோட்டும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவளுடையதில் நிறைய ஒற்றைக் கோடு, பல இடம் வெறுமை, நடுநடுவே இரட்டைக் கோடு. போகப் போக இரட்டைக் கோடு கொஞ்சம் கூடியிருந்தது.

“நம்மளுது இத்தினிதான் சார். உன்னுது சினிமா நோட்டீஸ் மாரி கீது, பளபளன்னு!” என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள் கன்னியம்மா.

டாக்டரம்மா என் நோட்டை இரண்டு முறை புரட்டினார். அவருக்கு ஏதோ நெருடியிருக்க வேண்டும். செண்பகத்தின் நாடியைப் பிடித்து முகத்தை உயர்த்திக் கேட்டார்.

“நீ இளைச்ச மாதிரி இருக்கே? ஹஸ்பெண்ட் எழுதினது எல்லாம் சரிதானா? நீ உன் வாயால சொல்லு.”

செண்பகம் என்னைப் பார்த்தாள்.

இறைவா! அந்த ஒரு கணத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். அவள் திறந்திருக்கலாம். அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். வைத்தியர் ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் சரிதான் டாக்டர். பத்தியச் சாப்பாடு, அதான் இளைச்சிருக்கேன். இவரு பொய் எழுத மாட்டாரு,” என்றாள் செண்பகம்.

அன்று மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார் டாக்டரம்மா. அடுத்த மாதம் என் நோட்டைப் பார்த்து முழுவதும் நிறுத்தினார். “நெய் மட்டும் தொடரட்டும். பார்ப்போம்,” என்றார். வைத்தியர் என் தோளைத் தட்டினார்.

பாதியாகக் குறைத்த அன்று திரும்பி நடந்து வரும்போதே நான் கேட்டேன். “ஏன் அப்படிச் சொன்னே?”

“அத்தனை பேர் முன்னாடி உங்களை என்னன்னு சொல்றது?” என்றாள். கொஞ்ச தூரம் போய், “நீங்க தப்பா எதுவும் செய்யலை. ஆசைப்பட்டீங்க. அவ்வளவுதான்,” என்றாள்.

அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்றா நினைக்கிறீர்கள்? நான் அப்படி நினைத்துக்கொள்ள மாட்டேன். தன் உடம்புக்கு முட்டுக் கொடுக்க முடியாதவள் என் பொய்க்கு முட்டுக் கொடுத்தாள். அன்று முதல் அவள் ஒரு வேலையும் சேர்த்துச் செய்யத் தொடங்கினாள். நான் பார்க்கும்போது அழுகையை நிறுத்தினாள். நோட்டில் இருந்தவளைப்போல நடந்து காட்டினாள். நான் வாசலைத் தாண்டியதும் அவள் எப்படி உட்கார்ந்திருந்தாளோ, எனக்குத் தெரியாது. நான் தெரிந்துகொள்ள விரும்பவில்லை. பொய் மெய்யாகிக்கொண்டிருக்கிறது என்று அம்பாளுக்கு ஒரு முழம் பூ கூடுதலாக வாங்கிச் சாத்தினேன்!

மாத்திரை நின்று மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நான் குளித்துவிட்டு வந்தபோது அவள் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். “கோயிலுக்குப் போறேன்,” என்றாள். எனக்கு ஒரே மகிழ்ச்சி. தனியாகக் கோயிலுக்குப் போகிறாளே! நோட்டில் எழுத வேண்டும் என்று அந்த நிமிடமே தோன்றியது.

எழுதிவிட்டுத்தான் கடைக்குப் போனேன். ‘தானாகவே கோயிலுக்குச் சென்றாள்.’

பத்தரை மணிக்கு ஆள் வந்தது. பட்டினப்பாக்கம் கரையில் மீனவர்கள் அவளைத் தூக்கி மணலில் கிடத்தியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் தன் தலைத்துண்டை அவிழ்த்து அவள் மீது போர்த்தியிருந்தார். இதற்கு மேல் அந்தக் காலையைப் பற்றி எழுத என்னால் முடியாது.

அலை இழுத்தது என்று போலீஸில் எழுதினார்கள். அந்த அம்மாள் நன்றாகத்தான் இருந்தார் என்பதற்கு நோட்டு இருந்தது. போலீஸ்காரர்கூட அதைப் பார்த்தார்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் வைத்தியரும் டாக்டரம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். டாக்டரம்மா உட்காரவில்லை. “மாத்திரையை நிறுத்தினது நான்தான். நான்தான் நிறுத்தினேன்,” என்று கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அத்தனை கண்டிப்பான அம்மாள்! என் வீட்டு வாசற்படியில் குழந்தைபோல அழுதார்.

வைத்தியர் சாமி மாடத்தைப் பார்த்தார்.

அங்கே செண்பகத்தின் இரண்டு தங்க வளையல்கள் இருந்தன. அன்று காலை கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தாள். நான் எடுக்கவே இல்லை. கை போகவில்லை.

“தம்பி... அலை இல்ல, அப்படித்தானே?” என்றார் மெதுவாக.

நான் தலை குனிந்தேன்.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்களை இந்த நேரத்துல கேக்கக் கூடாது. கேக்காம இருக்கவும் முடியலை. நோட்டுல எழுதினது எல்லாம் நெசந்தானே? கடைசி நாள் வரைக்கும் சாப்பிட்டுச்சா? அழாம இருந்துச்சா?”

நீங்கள் என்னிடம் கேளுங்கள். முதல் பொய்க்குப் பக்தி என்றும் ஆசை என்றும் பெயர் வைத்தாயே, இந்தப் பொய்க்கு என்ன பெயர்? என்னிடம் பெயர் இல்லை. என் மனைவி சுடுகாட்டுக்குப் போய்விட்டாள். இனி அவளுக்காகச் சொன்னேன் என்று சொல்ல முடியாது. எனக்காகச் சொன்னேன்.

“நெசந்தாங்க,” என்றேன்.

வைத்தியர் மறுபடி அந்த வளையல்களைப் பார்த்தார். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னார். “அப்போ என் மருந்து நோயை உள்ள வெச்சு மேல மெழுகிடுது. வெளிய தெரியாம பண்ணிடுது. தெரிஞ்சாலாவது காப்பாத்தியிருக்கலாம்...”

அந்த வாரமே மீதிப் பதினொரு குடும்பத்துக்கும் நெய்யை நிறுத்திவிட்டார். காய்ச்சி வைத்திருந்ததைக் கொட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். டாக்டரம்மா வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.

அந்த நெய் நல்லதா, கெட்டதா, ஒன்றும் செய்யாததா? எனக்குத் தெரியாது. இன்று யாராவது என்னிடம் வல்லாரை மூளைக்கு நல்லதாமே என்று பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறேன். ஒரு மனிதர் தம் தாத்தாவின் பேச்சைக்கூட அப்படியே நம்பாமல், உண்மை எது என்று தேடினார். அவர் கையில் நான் பொய்யைக் கொடுத்தேன். அவர் அதை வைத்துக்கொண்டு தம்மையே கொலைகாரர் என்று முடிவு செய்தார்.

ஒரு மாதம் கழித்து, கடையில் நான் ஒரு குடத்தில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தேன். கன்னியம்மா வந்து நின்றாள். மந்தைவெளியிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

“சார், உன்னாண்ட ஒரு வார்த்த.”

கல்லாவில் இருந்த முதலாளி, “என்னவே, பால்காரிக்குக் குடம் வேணுமாமா?” என்று குரல் கொடுத்தார். நான் அவளை ஓரமாக அழைத்துப் போனேன்.

“உன் ஊட்டம்மா போனது எனக்கும் பேஜாராத்தான் சார் கீது. தங்கமான பொண்ணு. அத்த நான் இன்னா சொல்றது... ஆனா வைத்தியரு நெய்ய நிறுத்திட்டாரு சார். எங்க ஊட்டுக்காரரு நல்லா வந்துகினு இருந்தாரு. தெருமுன வரிக்கும் நடந்தாரு! மாட்டுக்குத் தண்ணி காட்டினாரு! இப்போ வைத்தியரே கைய விட்டுட்டாருன்னு மாத்திரையும் துப்பிடறாரு. மறுபடி மூலைல குந்திகினாரு.”

“நாட்டு மருந்துக் கடையில அந்த நெய் கிடைக்குமே...” என்றேன்.

“வாங்கியாந்தேன். மோந்து பாத்துட்டு வீசிட்டாரு. வைத்தியரு கையால குட்த்தாத்தான் நம்புவாரு. நான் போயி அவரு கால்ல வுயுந்தேன் சார். என் நோட்டக் காட்டினேன். ரெண்டு கோடு எத்தினி கீது பாரு சாமின்னேன். ‘உன் கோட்ட நம்பறதா, அவரு எழுத்த நம்பறதா’ன்றாரு. ‘ஒரு உசுரு போயிட்ச்சும்மா’ன்றாரு. நீ வந்து ஒரு வார்த்த சொல்லு சார். நெய்யால இல்லன்னு சொல்லு. உன் வார்த்தன்னா கேப்பாரு.”

ஒரு வார்த்தை. ‘நான் எழுதியது பொய்.’ மூன்றே சொல். என் உளியால் வெட்டினால் ஐந்து நிமிட வேலை.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் வியர்வை. வெறுங்கால்.

“வைத்தியர் பெரியவர். அவர் முடிவு பண்ணினதுல நான் எப்படித் தலையிடறது...” என்றேன்.

“சர்தான் சார். நீயே நொந்து கீற. உன்ன வந்து கேட்டேன் பாரு, என் புத்திய...” என்று தன் தலையில் தட்டிக்கொண்டு போனாள். என்மேல் இரக்கப்பட்டுக்கொண்டு போனாள்!

இரண்டு வருடத்தில் வைத்தியர் காலமானார். கடைசி வரை அவர் அந்த நெய்யைக் காய்ச்சவில்லை. அவர் வீட்டுக்குப் போய் மாலை போட்டேன். இனிச் சொல்வதற்கு ஆள் இல்லை என்று நினைத்தபோது... எழுதவே கூசுகிறது, ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் கழுவ முடியவில்லை.

கன்னியம்மாவின் புருஷன் இன்னும் இருக்கிறான். மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில், கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு. வெள்ளிக்கிழமை மாலைகளில் நான் அங்கே போகிறேன். ஏன் போகிறேன்? ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிடலாம் என்றுதான் போகிறேன். அவன் என்னைக் கண்டதும் கோணியைச் சற்று விலக்கி, உட்கார இடம் விடுவான். வேறு யாருக்கும் அப்படி விடுவதில்லையாம். பேசாமல் இருவரும் எருமைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

“சொந்தக்காரன் ஒர்த்தன் எட்டிப் பாக்கறதில்ல சார். நீ ஒரு ஆளுதான் வந்துகினு கீற. உன் மன்சு யாருக்கு வரும்!” என்பாள் கன்னியம்மா. சொல்லிக்கொண்டே எனக்கென்று தனியாக எடுத்து வைத்த மோரைச் செம்பில் கொண்டுவந்து நீட்டுவாள்.

இன்றும் வெள்ளிக்கிழமை. இன்றும் போனேன். இன்றும் அவளிடம் சொல்லவில்லை. அவள் கொடுத்த மோரை வாங்கிக் குடித்துவிட்டு, செம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்துதான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.